ஓசிச் சோறு

எங்கள் தெருவில் ஒரு பேச்சு உலவுகிறது. கண்ணாடிக்கடை வீட்டில் நாத்தனாருக்குக் கை ஒடிந்ததும், இனி இவளால் என்ன பிரயோசனம் என்று தம்பி மனைவி அவளை முதியோர் இல்லத்துக்கு அனுப்பப் பார்த்தாளாம். மருந்துக்கடையில் சொல்கிறார்கள். முடிவெட்டும் கடையில், கழுத்தில் கத்தி இருக்கும்போதே சொல்கிறார்கள். அந்தக் குடும்பத்துக்கு மூத்தவன் நான். எங்கள் வீட்டைப் பற்றி ஒரு சொல் கோணலாகப் போனாலும் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

போக நினைத்தவள் என் தங்கை. போகச் சொன்னவர் ஒருவரும் இல்லை. போவது சரிதான் என்று சொன்னவன் நான்.

தெரு வளைகிற இடத்தில் இருக்கிறது கடை. முன்பக்கம் கடை, பின்பக்கம் வீடு, நடுவில் ஒரு கதவு. என் தம்பி கண்ணாடி வெட்டுவான். அவன் மனைவி படங்களுக்குச் சட்டம் போடுவாள். சுவரோரம் மரத்தாங்கிகளில் பெரிய பெரிய கண்ணாடி ஷீட்டுகள் சாய்ந்து நிற்கும். பக்கவாட்டில் பார்த்தால் அவற்றின் விளிம்பு குளத்து நீர்போலப் பச்சையாகத் தெரியும். நடுவில் கம்பளி விரித்த நீள மேசை. அதன்மேல் அளவுகோலும், கட்டரும், கட்டரின் முனையைத் தோய்க்க மண்ணெண்ணெய் ஊற்றிய சின்னக் கிண்ணமும். கடைக்குள் நுழைந்தால் மண்ணெண்ணெயும் புதிதாக அறுத்த மரமும் சேர்ந்து ஒரு வாசனை. எனக்குப் பிடித்த வாசனைதான். சொன்னதில்லை.

தம்பிக்கு மூத்தவள், எனக்கு இளையவள் என் தங்கை. கணவன் இறந்தபின் ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றே, பெட்டியைப் பிரிக்குமுன், சமையலறைச் சன்னலைத் துடைத்தாள் என்று தம்பி மனைவி சொல்வாள். அன்று பிடித்த துணியை அவள் கீழே வைக்கவே இல்லை. சமையல், துவையல், பெருக்கல் அத்தனையும் அவள்தான். கடைக் கண்ணாடிகளைப் பழைய செய்தித்தாளால் தேய்த்துப் பளபளக்க வைப்பதும் அவள்தான். தம்பி மகள் அவளுக்கு 'எக்ஸ்பிரஸ்' என்று பெயர் வைத்தாள். எந்த நிலையத்திலும் நிற்காதாம். நான் ரயில்வேயில் நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவன். எனக்கு அந்தப் பெயர் மெத்தப் பிடித்தது.

தேநீர் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அது கழுவிக் கவிழ்த்தாகிவிடும். "அண்ணி, இன்னும் ஒரு வாய் இருந்துச்சு" என்று தம்பி மனைவி சொல்வாள். "அடுத்த தடவை சீக்கிரம் குடி" என்று உள்ளேயிருந்து பதில் வரும்.

இந்தக் குணம் எங்கள் அப்பாவிடமிருந்து வந்தது. சிறுமியாக இருந்தபோது ஒரு நாள் ரொட்டிக்கடைக்காரர் என் தங்கைக்குச் சர்க்கரை தூவிய பன் ஒன்றைச் சும்மா கொடுத்தார். தின்றுகொண்டே வீட்டுக்கு வந்தாள். "ஓசியில வாங்கித் தின்னுட்டா வர்றே?" என்று கேட்டார் அப்பா. அடிக்கவில்லை. கையைப் பிடித்து அழைத்துப்போய், ரொட்டிக்கடை வாசலை அவளைப் பெருக்க வைத்தார். கடைக்காரர் வேண்டாம் வேண்டாம் என்று பதறினார். அப்பா அசையவில்லை. அவள் பெருக்கி முடித்து, வாயோரம் ஒட்டியிருந்த சர்க்கரையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. எங்கள் வீட்டில் ஓசி என்பது கெட்ட வார்த்தை. அந்த வளர்ப்பைப் பற்றி எனக்குப் பெருமைதான்.

எங்கள் கிறிஸ்தவ சபைக் கோயிலிலும் அவள் அப்படித்தான். ஆராதனைக்கு முன்பே போய் இருக்கைகளைத் துடைத்துவிடுவாள். வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போது பாட்டு. பாட்டில் கிருபை என்ற சொல் வரும் இடத்தில் தேய்ப்பு இன்னும் பலமாக விழும்.

மழைக்காலம் அது. ஒரு லாரி பள்ளத்தில் இறங்கி, கடையின் முகப்புக் கண்ணாடி முழுவதும் சேற்றை வாரி அடித்துவிட்டுப் போனது. இந்த மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவில் துடைத்துவிடலாம் என்று முக்காலி போட்டு ஏறினாள். நடைபாதை பாசி. முக்காலி ஒரு பக்கம், அவள் ஒரு பக்கம். வலது மணிக்கட்டு ஒடிந்தது. விழுந்தபோதும் கையிலிருந்த துணியை விடவில்லை.

முழங்கை வரை மாவுக்கட்டு போட்ட மருத்துவரிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "பாத்திரம் எப்போ தேய்க்கலாம்?"

"உங்க வீட்டில வேற ஆள் இல்லையாம்மா?"

"இருக்காங்களே. அவங்க எதுக்குத் தேய்க்கணும்?"

மருத்துவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

கட்டு போட்ட மறுநாளிலிருந்து அந்த வீடு போர்க்களம். பின்கட்டில் வாணலியைக் காலால் அழுத்திக்கொண்டு இடது கையால் தேய்த்தாள். வாணலி வழுக்கி, கிணுகிணுவென்று உருண்டு, பக்கத்து வீட்டுப் பூனையைத் துரத்தியது. தம்பி மனைவி தேய்ப்பு நாரை ஒளித்து வைத்தாள். தம்பி மகள் துடைப்பத்தைக் கடைக்குள் கொண்டுபோய்க் கண்ணாடி ஷீட்டுகளுக்குப் பின்னால் செருகினாள். உடனே உருளைக்கிழங்கை முழங்கால்களுக்கு நடுவில் இடுக்கித் தோல் சீவ ஆரம்பித்தாள் எக்ஸ்பிரஸ். கிழங்கு துள்ளி, நடுக்கதவு வழியாகக் கடைக்குள் பறந்து, படத்துக்குச் சட்டம் போட வந்திருந்த ஒருவரின் தோளில் பட்டது.

"விலையைக் கொஞ்சம் குறைச்சுக் கேட்டேன், அவ்வளவுதான்" என்றார் அவர் பயந்துபோய்.

"அது உள்ள வேற பிரச்சினைங்க" என்றான் தம்பி.

இவ்வளவும் சிரிப்புக்குரியது. ஆனால் அதற்குப் பிறகு அவள் சாப்பாட்டைக் குறைத்தாள். முதலில் பாதிச் சோறு. பிறகு பசியில்லை என்றாள். தேநீர் நெஞ்சைக் கரிக்கிறது என்றாள். ஒற்றைக் கையால் தலை வார முடியாமல், யாரிடமும் சொல்லாமல், ஒரு துணியைத் தலையில் சுற்றிக்கொண்டு நடமாடினாள். தம்பி மனைவி சீப்போடு அருகே போனால், "தலைவலிக்கு இதமா இருக்குன்னு கட்டியிருக்கேன்" என்று விலகிப்போவாள்.

ஒரு காலை, தூறலில் தெருவைக் கடந்து என் வீட்டுக்கு வந்தாள். எனக்கு வீடு எதிர்வரிசையில். நான் தனியாள்.

"அண்ணா, நான் நம்ம சபை நடத்துற இல்லத்துக்குப் போறேன்."

"என்ன விஷயம்?"

"விஷயம் ஒண்ணுமில்ல. கை சேர்ந்தாலும் பழையபடி பிடி வராதாம். பிடி இல்லாத கையை வச்சுக்கிட்டு அந்த வீட்டில உட்கார்ந்து எப்படிச் சாப்பிடறது? தட்டு முன்னாடி வந்தாலே தொண்டை அடைக்குது. அப்பா வாசல்ல நின்னு பாக்குற மாதிரி இருக்கு."

"அவங்க ஏதாவது சொன்னாங்களா?"

"சொல்ற ஆளுங்களா அவங்க? சொன்னாலாவது பரவாயில்ல, பதிலுக்குப் பேசிட்டு இருந்துடலாம். அன்பா இருக்காங்கண்ணா. அதுதான் தாங்க முடியல."

"அங்க மட்டும் என்ன செய்வே?"

"ஒரு கையால துணி மடிக்கலாம். முடியாதவங்களுக்கு ஊட்டலாம். ஒண்ணும் இல்லைன்னா உட்கார்ந்து ஜெபம் பண்ணலாம், அதுவும் வேலைதானே. நீங்க சரின்னு சொன்னா தம்பி மறுத்துப் பேசமாட்டான்."

நான் அவளைப் பார்த்தேன். தலையில் துணி, கழுத்தில் தொங்கும் கட்டு, அதற்கு நடுவில் அப்பாவின் முகவாய். யாருக்கும் பாரமாக இருக்கமாட்டேன் என்று ஒரு பெண் நிமிர்ந்து சொல்லும்போது அதை மறுக்க எனக்கு வாய் வராது. அது எங்கள் ரத்தம்.

"சரி. போறதுன்னா தலை நிமிர்ந்து போ. நான் வந்து சொல்றேன்" என்றேன்.

சனிக்கிழமை முற்பகல் கடைக்குப் போனேன். மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்தது. போதகரும் வந்திருந்தார். என் தங்கைதான் இல்லத்தில் சேர ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆள் அனுப்பியிருக்கிறாள். அவரோ அதோடு தன் புத்தக அலமாரிக்குக் கண்ணாடி வெட்டும் வேலையையும் சேர்த்துக்கொண்டு வந்துவிட்டார். பருத்த, இளவயது மனிதர். அவர் திரும்பும் பக்கமெல்லாம் ஏதாவது கீழே விழும். அலமாரிக் கண்ணாடியை உடைத்ததும் அவருடைய முழங்கைதான்.

தம்பி அளவெடுத்து, கட்டரை மண்ணெண்ணெயில் தோய்த்து, ஒரே இழுப்பு இழுத்தான். பட்டுத்துணி கிழிகிற மாதிரி மெல்லிய சத்தம். ஷீட்டை மேசை விளிம்புக்கு நகர்த்தி லேசாக அழுத்தினான். டக். வெண்ணெய் வெட்டியதுபோல இரண்டாயிற்று.

"இவ்வளவுதானா? நானும் ஒண்ணு வெட்டிப் பாக்கட்டுமா?" என்றார் போதகர்.

தம்பி ஒரு கழிவுத் துண்டை எடுத்துப் போட்டான். "பயப்படாம ஒரே இழுப்பு ஐயா. இழுத்துட்டா கையை எடுத்துடணும்."

போதகர் நாக்கைக் கடித்துக்கொண்டு இழுத்தார். சத்தம் சரியாகவே வந்தது. தம்பி தலையை ஆட்டினான். போதகர் குனிந்து பார்த்தார். கோடு தலைமுடிபோல இருந்தது, இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. தம்பி கையை நீட்டுவதற்குள் அதே கோட்டின்மேல் இன்னொரு முறை, இந்தத் தடவை நன்றாக அழுத்தி இழுத்தார்.

"ஐயா! ஐயா! ஒரு கோடுதான்!"

அழுத்தியதும் கண்ணாடி தன் இஷ்டத்துக்குக் கோணிக்கொண்டு உடைந்தது.

"முதல் கோடே போதுமா இருந்துச்சா?"

"போதுமா இருந்துச்சு ஐயா. கண்ணுக்குத் தெரியலையேன்னு ரெண்டாவது கோடு போட்டா, அது முதல் கோட்டையும் கெடுத்துடும். கட்டர் முனையும் போச்சு."

போதகர் துண்டுகளைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். "போன ஞாயித்துக்கிழமை நான் வேற என்ன பேசினேன்? நம்மை மீட்க ஆண்டவர் எல்லாத்தையும் செஞ்சு முடிச்சுட்டார், அதுமேல நீங்க ஒரு கோடும் போட வேண்டாம்னு தொண்டை கிழியப் பேசினேன். பேசின வாயும் இதுதான், இழுத்த கையும் இதுதான். வாய் சொல்றதைக் கை கேக்க மாட்டேங்குது."

"ஞானஸ்நானம் எடுத்தப்போ கையைத் தண்ணிக்கு வெளிய வச்சுட்டீங்களா ஐயா?" என்றாள் தம்பி மகள்.

"ஏய்! போதகர்கிட்ட பேசுற பேச்சா இது?" என்று நடுக்கதவிலிருந்து என் தங்கை அதட்டினாள். ஆனால் அவள் வாயும் கோணியது. போதகர் இன்னும் பலமாகச் சிரித்தார். அவருடைய முழங்கை பட்டு அளவுகோல் கீழே விழுந்தது.

நான் தொண்டையைச் செருமினேன். வந்த வேலையை முடிக்க வேண்டும். "போதகரே, என் தங்கை இல்லத்துக்கு வர்றதா முடிவு பண்ணியிருக்கா. மூத்தவன்கிற முறையில எனக்குச் சம்மதம்."

தம்பி கட்டரை மேசையில் வைத்தான். அவன் மனைவியின் கையில் ஒரு சட்டம் இருந்தது. அது அப்படியே நின்றது. அவர்களுக்கு அப்போதுதான் தெரியும்.

"அக்கா?" என்றான் தம்பி.

"சத்தம் போடாதே. எல்லாம் யோசிச்சுத்தான்" என்றாள் என் தங்கை. "ஐயா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். இடது கை நல்லாயிருக்கு. அங்க என்ன வேலை கொடுத்தாலும் செய்வேன்."

"அங்க வேலை கிடையாதேம்மா" என்றார் போதகர்.

"துணி மடிக்கிறது?"

"அதுக்கு ஆள் இருக்கு. சமையலுக்கும் ஆள் இருக்கு. வயசானவங்களை வேலை வாங்கக் கூடாதுன்னு சபையில தீர்மானமே போட்டிருக்கோம்."

"அப்போ சாப்பாடு?"

"அது பாட்டுக்கு வேளாவேளைக்கு வரும்."

"சும்மாவா?"

"சும்மாதான்."

"ஜெபம் பண்ணினா?"

"தாராளமா பண்ணலாம். பண்ணலைன்னாலும் சோறு உண்டு."

என் தங்கை சட்டென்று அருகிலிருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். டிக்கெட் வாங்கிக்கொண்டு நடைமேடைக்கு வந்தபிறகு அப்படி ஒரு வண்டியே கிடையாது என்று சொல்லக் கேட்ட பயணியின் முகம் அது. நான் அப்படிப்பட்ட முகங்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

"அத்தை, அங்கேயும் ஓசிதான்" என்றாள் தம்பி மகள். "எங்க போனாலும் ஓசின்னா இங்கேயே இருங்க. இங்க உப்பாவது சரியா இருக்கும்."

"நீ சும்மா இருடி. உனக்கு எல்லாம் விளையாட்டு." என் தங்கை போதகர் பக்கம் திரும்பினாள். "வயசாகுது. என்னைக்காவது ஒரு நாள் ஆண்டவர் முன்னாடி போய் நிக்கணும். ஏதோ ஒழுங்கா உழைச்சேன், யார் சோத்தையும் ஓசியில தின்னலன்னு சொல்லிக்கலாம்னு இருந்தேன். இப்போ போய் நின்னா என் கையில என்ன இருக்கும்?"

"கட்டு இருக்கும் அத்தை" என்றாள் அந்தப் பெண். ஆனால் இந்த முறை விளையாட்டாகச் சொல்லவில்லை. முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அத்தையின் மடியில் தலையை வைத்துக்கொண்டு சொன்னாள்.

தாழ்வாரத்திலிருந்து மிச்ச மழை சொட்டிக்கொண்டிருந்தது. தம்பி மனைவி கையிலிருந்த சட்டத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். வாய் திறந்து அதிகம் பேசாத பெண். சட்டம் போடுகிறவர்களுக்கு வாயில் எப்போதும் ஆணி இருக்கும். அன்று ஆணிகளை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"மாமா, ஒண்ணு கேக்கலாமா?"

"கேளும்மா."

"கல்யாணத்துக்கு முன்னாடி அண்ணி உங்க கூட இருந்தப்போ, உங்க ரயில்வே பாஸ்ல ஊர் ஊரா போவாங்களாமே?"

"ஆமாம். போனா."

"டிக்கெட் எடுத்தாங்களா?"

"பாஸ் இருக்கும்போது எதுக்கு டிக்கெட்?"

"அப்போ உங்க தங்கச்சி ரயில்ல ஓசியில போயிருக்காங்க."

என் காது சூடேறியது. என் பணிக்காலத்தில் டிக்கெட் இல்லாமல் வந்த என் சொந்த மைத்துனனையே நடைமேடையில் நிறுத்தி அபராதம் கட்ட வைத்தவன் நான். என் மேசைக்கு எதிரில் ஒருவரும் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

"வார்த்தையைப் பார்த்துப் பேசும்மா! என் குடும்பத்தில ஒருத்தரும் ஓசியில ரயில் ஏறினதில்ல. பாஸ்னா என்னன்னு தெரியுமா? அது பிச்சை இல்ல. உழைச்சவன் நான். என் உழைப்புக்கு என் வீட்டு ஆளுங்களுக்குக் கொடுத்த உரிமை. அவ என் தங்கச்சி, அதனால அவளுக்குப் பாஸ் உண்டு. அவ்வளவுதான். அவ எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போட்டாளான்னு எந்தப் பரிசோதகனும் கேக்க முடியாது. உறவுக்குக் கிடைக்கிறது ஓசி ஆகாது!"

கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டேன். கண்ணாடி ஷீட்டுகள் அதிர்ந்தன.

தம்பி மனைவி உள்ளங்கை ஆணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போதகர் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு, தன் வாழ்நாளில் முதல்முறையாக இருக்க வேண்டும், மூடிக்கொண்டார்.

"அண்ணா," என்றாள் என் தங்கை, "இப்போ என்ன சொன்னீங்க?"

நான் சொன்ன சொல்லைத் திரும்ப எடுத்துக்கொள்கிறவன் அல்ல. சிக்னல் இறக்கிய பிறகு வண்டியை நிறுத்துகிற வழக்கம் என்னிடம் கிடையாது. ஒரு கணம் எனக்குமே அது எங்கே போய்ச் சேர்கிறது என்று தெரிந்தது. முதுகை நேராக்கிக்கொண்டேன்.

"சொன்னதுதான். உறவுக்குக் கிடைக்கிறது ஓசி ஆகாது."

"அப்பா இருந்திருந்தா?"

"அப்பா உன்னைப் பெருக்க வச்சது ரொட்டிக்கடை வாசலை. நம்ம வீட்டில தின்ன சோத்துக்கு என்னைக்காவது கணக்குக் கேட்டாரா?"

அவள் யோசித்தாள். வெயில் முகப்புக் கண்ணாடி வழியாக வந்து, சேறு துடைக்காத பாதியில் மங்கலாகவும் துடைத்த பாதியில் பளிச்சென்றும் அவள்மேல் விழுந்தது.

"பாஸ்ல போனப்போ நான் சன்னலோரமா உட்காருவேன்" என்றாள் மெதுவாக. "பக்கத்தில காசு கொடுத்து வந்தவங்க நின்னாக்கூட எழுந்திரிக்க மாட்டேன். கொஞ்சம்கூட வெக்கமா இருந்ததில்ல."

"எதுக்கு வெக்கப்படணும்?"

"எதுக்கு வெக்கப்படணும்..." என்று அவள் அதையே தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். பிறகு தம்பி மனைவியைப் பார்த்து, "ஏண்டி, இத்தனை வருஷமா என்னைப் பாத்துக்கிட்டு என்ன நினைச்சே நீ?" என்றாள்.

"சொல்லட்டுமா அண்ணி? கோபப்படக் கூடாது. நான் இந்த வீட்டில உங்களுக்கு ஒரு டம்ளர் தண்ணி கொடுத்ததில்ல. கொடுக்க விட்டதில்ல நீங்க. எனக்குக் கூடப்பிறந்த அக்கா கிடையாது. நீங்க வந்த அன்னைக்கு அவ்வளவு சந்தோஷப்பட்டேன். பாத்தா, வீட்டுக்கு அக்கா வரல, வேலைக்கு ஆள் வந்த மாதிரி வந்து நின்னீங்க. நல்ல வேலைதான். குறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா எனக்கு வேலைக்காரி வேணும்னு நான் யாரைக் கேட்டேன்?"

சொல்லிவிட்டு அவளே பயந்துவிட்டாள். ஆணிகள் கையிலிருந்து சிதறின. தம்பி குனிந்து பொறுக்க ஆரம்பித்தான். அவனுக்குக் கண் கலங்கினால் குனிந்துகொள்வான். சின்ன வயதிலிருந்தே அப்படி.

என் தங்கை இடது கையைத் தூக்கி, தலையில் சுற்றியிருந்த துணியின் முடிச்சைத் தேடினாள். அது அகப்படவில்லை.

"இதை அவிழ்த்து விடு. உள்ள நமநமன்னு அரிக்குது. ஒரு வாரமா உயிர் போகுது" என்றாள்.

"பிரேம் வேலை கிடக்கே அண்ணி" என்றாள் தம்பி மனைவி. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"கிடக்கட்டும்."

பெண்கள் மூவரும் பின்கட்டுக்குப் போனார்கள். அங்கே எட்டிப் பார்ப்பது முறையல்ல. நான், தம்பி, போதகர் மூவரும் கடையிலேயே நின்றோம். நடுக்கதவு திறந்துதான் இருந்தது. அடுப்பில் வெந்நீர் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு குரல்கள்.

"அய்யோ அத்தை, குருவி கூடு கட்டியிருக்கு!"

"இழுக்காதேடி, வேரோட வருது."

"சீப்புல பல்லு போச்சும்மா."

"வேற சீப்பு எடு. அண்ணி, கண்ணை மூடிக்கோங்க. தண்ணி சுடுதா?"

"இல்ல இல்ல, சரியாத்தான் இருக்கு."

"நிஜமா?"

கொஞ்சம் இடைவெளி.

"சுடுது."

"இப்போ?"

"இப்போ நல்லாயிருக்கு. இன்னொரு செம்பு ஊத்து."

தம்பி ஒரு கண்ணாடியைத் துடைப்பதுபோல நின்றுகொண்டிருந்தான். துடைத்த இடத்தையே துடைத்தான். போதகர் நன்றாக நடந்துகொண்டார். ஒன்றையும் விளக்கவில்லை. அளவுகோலை எடுத்து மேசையில் வைத்தார். அது மறுபடியும் விழுந்தது. மறுபடியும் எடுத்து வைத்தார்.

சாப்பிட உட்கார்ந்தபோது உச்சி வெயில் ஏறிவிட்டது. தம்பி மனைவியின் சமையல். பல வருஷமாக அடுப்படியை விட்டுக்கொடுத்தவள் அல்லவா, சோறு கொஞ்சம் குழைந்திருந்தது. வறுத்த உருளைக்கிழங்கு ஒரு பக்கம் கறுத்திருந்தது. என் தங்கை மேசையில் எனக்கு எதிரே உட்கார்ந்தாள். ஈரத் தலை முதுகில் விரிந்து கிடந்தது. அதைத் துவட்டிக்கொண்டு தம்பி மகள் பின்னால் நின்றாள். தலைமுடி இவ்வளவு நரைத்திருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரியும். எப்போதும் கொண்டைக்குள் முடிந்து, ஓடிக்கொண்டிருந்தால் எப்படித் தெரியும்?

போதகர் நன்றி சொல்லி ஜெபிக்க ஆரம்பித்தார். அது நீண்டுகொண்டே போனது. "ஐயா, ரெண்டாவது கோடு" என்றாள் தம்பி மகள் மெதுவாக. "ஆமென்" என்றார் போதகர் உடனே.

என் தங்கை இடது கையில் கரண்டி பிடித்துச் சாப்பிட்டாள். பாதி வாய்க்குப் போனது, பாதி மடியில் விழுந்தது. விழுந்ததை எடுக்க அவள் குனியவில்லை. யாரும் உதவிக்குப் பாயவும் இல்லை. தம்பி மனைவி தன் தட்டில் கை வைக்காமல், பார்க்காதவள்போல அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். போடட்டுமா என்று கேட்க அவளுக்கு வாய் துடித்தது. கேட்டால் எங்கே வேண்டாம் என்று சொல்லிவிடுவாளோ என்று அடக்கிக்கொண்டாள்.

தட்டு காலியாயிற்று. என் தங்கை கரண்டியை வைத்தாள். எழுந்து தட்டைக் கழுவப் போகிறாள் என்றே நான் நினைத்தேன். எல்லோரும் அப்படித்தான் நினைத்திருக்க வேண்டும். தம்பி மெல்லுவதை நிறுத்தியிருந்தான்.

அவள் இடது கையால் தட்டை மேசையின்மேல் முன்னால் தள்ளினாள்.

"இன்னும் கொஞ்சம் போடு" என்றாள். "கிழங்குல அந்தக் கறுத்தது வேண்டாம். நல்லதாப் பாத்துப் போடு."

தம்பி மனைவி அடுக்களைக்கு ஓடி, சட்டியையே தூக்கிக்கொண்டு வந்தாள்.